சுவிட்சின் வழியட்டவணை: ஒரு வரி எப்படி வருகிறது, எப்போது போகிறது

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணினிப் பொறுப்பைக் கவனிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. தேயிலைத் தொழிற்சாலை, தோட்டக் காரியாலயம், மேற்பிரிவுக் கொழுந்து மடுவம் ஆகிய மூன்று இடங்களிலும் மூன்றாம் அடுக்குச் சுவிட்ச், அதாவது ஐபி முகவரியைப் பார்த்துப் பொதிகளுக்கு (தரவுத் துண்டுகளுக்கு) வழிகாட்டும் சுவிட்ச், ஒவ்வொன்று இருக்கிறது. தொழிற்சாலைக்கும் காரியாலயத்துக்கும் நடுவே பள்ளத்தாக்கைத் தாண்டி நேராக ஒரு ரேடியோ இணைப்பு. தொழிற்சாலையிலிருந்து மடுவத்துக்கும், மடுவத்திலிருந்து காரியாலயத்துக்கும் பாதையோரக் கம்பங்களில் ஃபைபர். வழிகளை எல்லாம் கையால் எழுதி வைத்திருக்கிறார். ரேடியோ விழுந்தால் ஃபைபர் வழியாகச் சுற்றிப் போகட்டும் என்று மாற்று வழியும் எழுதியிருக்கிறார். அண்மையில் மின்வெட்டு ஒன்றில் ரேடியோ விழுந்தது. ஃபைபர் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் தொழிற்சாலையில் இருந்து காரியாலயத்தின் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) கணக்கைத் திறக்க முடியவில்லை. "மேக் முகவரிகளைச் சுவிட்ச் தானே கற்றுக்கொள்கிறதே, வழிகளை மட்டும் ஏன் தானே திருத்திக்கொள்ளவில்லை? இந்த அட்டவணையை அது எப்படித்தான் கட்டுகிறது, எப்படிப் பராமரிக்கிறது?" என்று கேட்கிறார். மின்வெட்டின்போது இரு முனைகளிலும் எடுத்த அட்டவணை வெளியீட்டையும் அனுப்பியிருக்கிறார். அது மிகவும் உதவியது.

தம்பி, உங்கள் சுவிட்சில் பழுது எதுவும் இல்லை. அதனிடம் சொன்னதை அது அப்படியே செய்தது. வழியட்டவணையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரி எப்படி உள்ளே வருகிறது என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நம் பக்கத்தில் வலையமைப்பு நடத்துகிறவருக்கு அந்த வரி எப்படி வெளியே போகிறது என்பதுதான் பெரிய விஷயம். இங்கே மின்சாரம் போகும், யூக்கலிப்டஸ் மரம் கம்பிமேல் சாயும், தென்மேல் பருவமழையில் மண் சரிந்து பாதையோடு கேபிளும் போகும். ஆகவே அட்டவணையில் எந்த வரியைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இதை எழுதியது யார்? இது பொய்யாகிவிட்டால், எந்த அறிகுறியைக் கண்டு யார் இதை அழிப்பார்? உங்கள் மின்வெட்டுக் குழப்பம் முழுவதும் இரண்டாவது கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் மேக் முகவரி விஷயத்தை முடித்துவிடுவோம். மேக் முகவரி என்பது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வன்பொருள் அடையாள எண். ஒரே பெட்டிக்குள் இரண்டு தனித்தனி அட்டவணைகள் இருக்கின்றன. மேக் அட்டவணை, போகிற வருகிற சட்டகங்களை (மேக் முகவரி தாங்கிய தரவு உறைகளை) பார்த்தே நிரம்புகிறது. ஒரு சட்டகம் எந்தப் போர்ட்டில் நுழைகிறதோ, அதை அனுப்பிய கருவியின் முகவரி அந்தப் போர்ட்டுக்கு நேரே குறிக்கப்படும். பெரும்பாலான சுவிட்சுகளில் 300 விநாடிகள் அந்தக் கருவியிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் குறிப்பு அழிந்துவிடும். பெறுநர் யாரென்று தெரியாதபோது எல்லாப் போர்ட்டுகளிலும் அனுப்பிப் பார்க்கலாம். ஒரே விலானுக்குள் (சுவிட்சில் பிரித்துவைத்த தனி வலைப்பகுதிக்குள்) நடப்பதால் அதில் பெரிய கேடு இல்லை.

ஐபி வழிகளில் இந்தச் சலுகை கிடையாது. பெறுநர் இருக்கும் வலையமைப்புக்கு அட்டவணையில் வரி இல்லையென்றால் பொதி அங்கேயே கைவிடப்படும். அனுப்பியவருக்குச் சென்றடைய முடியவில்லை என்று ஐசிஎம்பி என்ற பிழை அறிவிப்பு முறையில் ஒரு செய்தி போகலாம், அவ்வளவுதான். அதோடு, கடந்து போகும் பொதிகளைப் பார்த்து வழியட்டவணை எதையும் கற்காது. காரியாலயத்தின் 10.20.30.5 என்ற முகவரியிலிருந்து ஒரு பொதி ரேடியோப் பக்கமாக வந்து சேர்ந்தது என்பதற்காக, 10.20.30.0 வலையமைப்பு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று சுவிட்ச் முடிவு கட்டாது. வந்த வழியும் திரும்பும் வழியும் வேறாக இருக்கலாம், அனுப்புநர் முகவரி போலியாகவும் இருக்கலாம். எனவே வழியட்டவணைக்கு வரிகள் வருவது மூன்று இடங்களிலிருந்து மட்டுமே: சுவிட்சின் சொந்த இடைமுகங்கள், கட்டளை எழுதும் மனிதர், நெறிமுறை பேசும் அண்டைச் சுவிட்ச்.

சொந்த இடைமுகங்களில் இருந்து வருவன மிக எளியவை. தொழிற்சாலைச் சுவிட்சில் விலான் 10க்கு 10.20.10.1/24 என்று முகவரி கொடுத்தீர்கள். முகவரியின் முதல் 24 பிட் வலையமைப்பைக் குறிக்கிறது என்பதே /24இன் பொருள். அந்த விலான் இடைமுகம் உயிரோடு இருக்கும்வரை 10.20.10.0/24 என்ற வரி நேரடி இணைப்பாக அட்டவணையில் இருக்கும். அதோடு சுவிட்சின் சொந்த முகவரிக்காக 10.20.10.1/32 என்ற வரியும் சேரும். பல சிஸ்கோ சுவிட்சுகளில் 'ஐபி ரூட்டிங்' என்ற கட்டளையைக் கொடுக்கும்வரை விலான்களுக்கு இடையே வழிப்படுத்தலே நடக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். புதுச் சுவிட்ச் போட்டு, எல்லாம் சரியாக இருந்தும் ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

உயிரோடு இருப்பது என்றால் என்ன என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. விலான் இடைமுகம் என்பது கையால் தொடக்கூடிய போர்ட் அன்று. அந்த விலான் சுவிட்சில் உருவாக்கப்பட்டிருக்க வேண்டும், அதில் குறைந்தது ஒரு போர்ட்டாவது இணைப்புப் பெற்றுச் சட்டகங்களை அனுப்பும் நிலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் இடைமுகம் எழும். உங்கள் கமராக்கள் எல்லாம் விலான் 20இல் இருக்கின்றன. அவை அத்தனையும் மின்வெட்டில் அணைந்துவிட்டால் விலான் 20 விழும், அதன் வரியும் அட்டவணையிலிருந்து மறையும். ஆனால் எல்லா விலான்களையும் சுமக்கும் டிரங்க் போர்ட் ஒன்று உயிரோடு இருந்தால், ஒரு கமராகூட இல்லாவிட்டாலும் விலான் 20 எழுந்தே நிற்கும். ஆக, நேரடி இணைப்பு என்ற வரிகூடச் சொல்வது இந்த விலானுக்கு ஒரு போர்ட் திறந்திருக்கிறது என்பதை மட்டும்தான். மறுபக்கம் ஆள் இருக்கிறார் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

இப்போது கையால் எழுதிய வழிக்கு வருவோம். 10.20.30.0/24க்குப் போக வேண்டுமானால் 10.20.255.2 என்ற முகவரியிடம் கொடு என்று தொழிற்சாலைச் சுவிட்சில் எழுதியிருக்கிறீர்கள். 10.20.255.2 என்பது ரேடியோவின் மறுமுனையில் இருக்கும் காரியாலயச் சுவிட்ச். இந்த வரியை அட்டவணையில் ஏற்றும் முன் சுவிட்ச் ஒன்றை மட்டும் சரிபார்க்கிறது: 10.20.255.2ஐ அடைய எனக்கு வழி இருக்கிறதா? ரேடியோப் போர்ட்டின் 10.20.255.0/30 நேரடி இணைப்பாக இருப்பதால் இருக்கிறது என்று முடிவு செய்து ஏற்றுகிறது. அந்த நேரடி வரி விழும் நாளில்தான் இதுவும் விழும். 10.20.255.2 என்ற ஆள் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறாரா என்று அது ஒருபோதும் கேட்பதில்லை.

மின்வெட்டன்று நடந்ததை இனிப் பாருங்கள். காரியாலயத்தில் சுவிட்ச் யூபிஎஸ்ஸில் இருந்தது. ரேடியோவுக்கு மின் கொடுக்கும் சிறு பெட்டி சாதாரணச் செருகியில் இருந்தது. மின்சாரம் போனதும் ரேடியோ அணைந்தது, காரியாலயச் சுவிட்சின் போர்ட் உடனே விழுந்தது, நேரடி வரி போயிற்று, அதைச் சார்ந்திருந்த வழியும் போயிற்று, நீங்கள் எழுதிவைத்த மாற்று வழி அந்த இடத்தில் ஏறியது. நீங்கள் அனுப்பிய வெளியீட்டில் அது தெளிவாகத் தெரிகிறது. தொழிற்சாலைப் பக்கம் நிலைமை வேறு. அங்கே ஜெனரேட்டர் ஓடியது, ரேடியோ எரிந்துகொண்டே இருந்தது. பள்ளத்தாக்குக்கு அப்பால் பதில் சொல்ல யாரும் இல்லை. ஆனால் ரேடியோவுக்கும் தொழிற்சாலைச் சுவிட்சுக்கும் இடையிலுள்ள சில மீட்டர் கேபிளில் ஒரு குறையும் இல்லை. சுவிட்சுக்குத் தெரிவது அந்தக் கேபிள் மட்டுமே. போர்ட் எழுந்திருந்தது, நேரடி வரி இருந்தது, கைவழியும் இருந்தது, மாற்று வழிக்கு இடமே கிடைக்கவில்லை.

அதனால்தான் காரியாலயத்திலிருந்து புறப்பட்ட பொதி ஃபைபரில் சுற்றித் தொழிற்சாலைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது, அதற்கான பதில் மட்டும் செத்த ரேடியோவுக்குள் போய் மறைந்தது. இரண்டு முனையிலும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) தோல்வி என்றே காட்டும். ஒரு முனையின் அட்டவணையை மட்டும் பார்த்தவர் எல்லாம் சரியாக மாறிவிட்டது என்றே சொல்வார். இப்படி ஒருபக்கக் குருடாக நிற்கும் இணைப்புகள் நம் பகுதியில் மிக அதிகம். பாதையில் வளைந்து வளைந்து போக வேண்டிய தூரத்தை ரேடியோ நேர்கோட்டில் தாண்டிவிடுகிறது என்பதால், எந்தத் தோட்டத்தில் பார்த்தாலும் இரண்டு முகடுகளுக்கு இடையில் ஒரு ரேடியோ இருக்கும்.

ஏஆர்பிக் குறிப்பு (ஓர் ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்டறிந்து வைத்த குறிப்பு) காலாவதியானதும் சரியாகிவிடாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆகாது. சிஸ்கோவில் ஏஆர்பிக் குறிப்பின் இயல்பு ஆயுள் 4 மணித்தியாலம். அது முடிந்து, புதிதாகக் கேட்டும் பதில் வராமல், 10.20.255.2க்கு மேக் முகவரி இல்லை என்ற நிலை வந்த பிறகும் வழியட்டவணையின் வரி அப்படியே நிற்கும். ஏஆர்பியின் தோல்வி மேலே இருக்கும் அட்டவணைக்கு அறிவிக்கப்படுவதில்லை.

கைவழிகளோடுதான் இருக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு திருத்தங்கள் வேண்டும். ஒன்று, ரேடியோவின் மறுமுனையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை பிங் செய்து, பதில் நின்றால் கைவழியை விலக்கும் கண்காணிப்பை இரு முனைகளிலும் பொருத்துங்கள். பிங் செய்யும் இலக்கு ரேடியோ இணைப்பின் எதிர்முனை முகவரியாகவே இருக்கட்டும். காரியாலயத்துக்குள் இருக்கும் ஏதோ ஒரு கணினியை இலக்காக வைத்தால், மாற்று வழி ஏறியவுடன் அது ஃபைபர் வழியாகப் பதில் சொல்லும். உடனே கண்காணிப்பு ரேடியோ எழுந்துவிட்டது என்று நம்பிப் பழைய வழியை ஏற்றும், மறுபடியும் விழும், இப்படியே ஆடிக்கொண்டிருக்கும். இரண்டு, கைவழி எழுதும்போது எதிர்முனை முகவரியோடு வெளியேறும் இடைமுகத்தையும் சேர்த்து எழுதுங்கள். முகவரியை மட்டும் எழுதினால், நேரடி வரி விழுந்த பிறகு சுவிட்ச் அந்த முகவரியை வேறு வரிகளில் தேடும். இணையத்துக்கான இயல்புநிலை வழி (வேறு வரி பொருந்தாதபோது எடுக்கும் 0.0.0.0/0 வரி) அதற்கும் பொருந்திவிடும். அப்போது செத்த கைவழி சாகாமல் நின்று, தோட்டத்துப் பொதிகளை இணையச் சேவையாளரின் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்.

என் யோசனை இதைவிட ஒரு படி மேலே போவது. மூன்று சுவிட்சுகளும் மாற்று வழியும் இருக்கும் இடத்தில் கைவழிகளை விட்டுவிட்டு ஓஎஸ்பிஎஃப், அதாவது சுவிட்சுகள் தமக்குள் பேசி வழிகளைக் கணக்கிடும் நெறிமுறை, போடுங்கள். மடுவத்துச் சுவிட்ச் அதை அறியாதது என்றீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன். இப்போதைக்கு மூன்றும் அறியும் என்றே வைத்துப் பேசுகிறேன். ரிப் என்ற பழைய நெறிமுறையும் இருக்கிறது. 1988இல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 1058 ஆக வெளியானது, இரண்டாம் பதிப்பு 1998இல் ஆர்எஃப்சி 2453. 30 விநாடிக்கு ஒருமுறை தன்னிடமுள்ள வழிகளை அண்டையவர்களுக்குச் சொல்லும், 180 விநாடி கேட்காவிட்டால் அந்த வழியைச் செல்லாது என்று குறிக்கும், 15 சுவிட்சுகளுக்கு அப்பால் எதையும் நம்பாது. எத்தனை சுவிட்சுகளைத் தாண்ட வேண்டும் என்பதை மட்டுமே எண்ணுவதால், உங்கள் அமைப்பில் அது மெலிந்த ரேடியோவைத்தான் எப்போதும் தேர்ந்தெடுக்கும். ஓஎஸ்பிஎஃப் அறியாத சுவிட்ச் என்றால் மட்டும் அதை நினைத்துப் பாருங்கள்.

ஓஎஸ்பிஎஃப் வழிகளை விளம்பரம் செய்வதில்லை, இணைப்புகளை அறிவிக்கிறது. இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுவிட்சும் முதலில் 224.0.0.5 என்ற குழு முகவரிக்கு ஹலோ செய்தி அனுப்பி அண்டையவரைக் கண்டுபிடிக்கும். வழக்கமான இடைமுகங்களில் 10 விநாடிக்கு ஒரு ஹலோ, 40 விநாடி கேட்காவிட்டால் அண்டையவர் இறந்தார் என்று கொள்ளும். இந்த இரண்டு எண்களும், பகுதி எண்ணும், உபவலையமைப்பும் இரு முனைகளிலும் ஒத்துப்போகாவிட்டால் உறவே ஏற்படாது. எம்டியூ (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய மிகப் பெரிய பொதியின்) அளவு ஒத்துப்போகாவிட்டால் உறவு பாதியில் சிக்கிக்கொள்ளும். ரேடியோ இணைப்புகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். உறவு ஏற்பட்டதும் ஒவ்வொரு சுவிட்சும் எனக்கு இன்ன இன்ன இணைப்புகள் இருக்கின்றன, அவற்றின் செலவு இவ்வளவு என்று ஓர் அறிவிப்பை எழுதும். அது எல்லோருக்கும் மாறாமல் பரவும். முடிவில் மூன்று சுவிட்சுகளிடமும் ஒரே தரவுத்தளம் இருக்கும். அதன்மேல் ஒவ்வொன்றும் தன்னை மையமாக வைத்து, டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட, மிகக் குறைந்த செலவுள்ள வழியைக் காணும் குறுக்குவழிக் கணக்கைப் போட்டு, கிடைத்த முடிவை வழியட்டவணைக்குப் பரிந்துரைக்கும்.

ஒவ்வொரு அறிவிப்புக்கும் வரிசை எண்ணும் வயதும் உண்டு. எழுதியவர் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். 60 நிமிடம் புதுப்பிக்கப்படாத அறிவிப்பை எல்லோரும் தூக்கி எறிவார்கள். நான் முதலில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு இது நேரடியான பதில்: இங்கே ஒவ்வொரு செய்திக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார், அவர் பேசாமல் போனால் அவருடைய சொல்லும் போய்விடும்.

உங்கள் மின்வெட்டை இப்போது ஓஎஸ்பிஎஃப் இருந்ததாக எண்ணி மறுபடி ஓட்டிப் பாருங்கள். காரியாலயத்தின் ரேடியோப் போர்ட் விழுந்த கணத்தில் காரியாலயச் சுவிட்ச் தன் அறிவிப்பைத் திருத்தி எழுதும், அதில் ரேடியோ இணைப்பு இருக்காது. திருத்தம் ஃபைபர் வழியாக மடுவத்துக்கும் அங்கிருந்து தொழிற்சாலைக்கும் போய்ச் சேரும். தொழிற்சாலையின் போர்ட் இன்னும் எழுந்திருக்கிறது, அதன் 40 விநாடியும் முடியவில்லை. இருந்தும் குறுக்குவழிக் கணக்கில் ஒரு விதி இருக்கிறது: இரண்டு முனையும் ஒப்புக்கொள்ளும் இணைப்பை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும். காரியாலயம் மறுத்துவிட்டது, எனவே ரேடியோ கணக்கில் இல்லை. சில விநாடிகளில் தொழிற்சாலை ஃபைபருக்கு மாறிவிடும். உங்கள் கைவழிகளால் எவ்வளவு நேரமானாலும் கண்டுபிடிக்க முடியாததை, தூரத்தில் இருக்கும் சுவிட்சின் ஒரு சொல் கண்டுபிடித்துவிடுகிறது. இந்த நெறிமுறையின் அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது.

இரு முனை ரேடியோக்களும் மின்சாரத்தோடு இருந்து, நடுவே காற்றுவழி மட்டும் அறுந்தால் இந்த வசதி கிடைக்காது. காற்றில் ஆண்டெனா திரும்பினாலோ, இடையில் மரம் வளர்ந்து மறைத்தாலோ அப்படித்தான் ஆகும். மழை, பனிமூட்டத்தின் மேல் எல்லோரும் பழி போடுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை அவை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. 60, 80 கிகாஹெர்ட்ஸ் கருவிகள்தான் கனமழையில் தவிக்கும். காற்றுவழி அறுந்தால் இரண்டு போர்ட்டும் எழுந்தே நிற்கும், 40 விநாடி காத்திருந்தே ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பு பொறுக்காது என்றால் பிஎஃப்டி போடலாம். 2010இல் ஆர்எஃப்சி 5880 ஆக வந்த இந்த நெறிமுறை, இரு முனைக்கும் இடையில் மிகச் சிறு செய்திகளை விடாமல் பரிமாறி, ஒரு விநாடிக்குள்ளேயே இணைப்பின் சாவை ஓஎஸ்பிஎஃப்புக்குச் சொல்லிவிடும். இணைப்பு அடிக்கடி விட்டுவிட்டு வருகிற ரேடியோவில் மிக இறுக்கமாக வைக்காதீர்கள். ஒவ்வொரு சிறு தடுமாற்றத்துக்கும் வழி மாறி மாறி ஓடும்.

செலவு என்ற எண்ணைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சிஸ்கோவில் 100 மெகாபிட்டை இணைப்பின் வேகத்தால் வகுத்துச் செலவு வரும், குறைந்தபட்சம் 1. அதாவது 100 மெகாபிட்டுக்கும் 1, ஒரு கிகாபிட்டுக்கும் 1, பத்துக் கிகாபிட்டுக்கும் 1. அடிப்படை எண்ணை உயர்த்தி இதைச் சரிசெய்யலாம், எல்லாச் சுவிட்சிலும் ஒரே அளவு உயர்த்த வேண்டும். ஆனால் உங்கள் சிக்கல் அதோடு தீராது. சுவிட்சுக்குத் தெரிவது ரேடியோவுக்குப் போகும் கேபிளின் வேகம், அது ஒரு கிகாபிட். ரேடியோ காற்றில் உண்மையில் எவ்வளவு சுமக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எனவே தொழிற்சாலையிலிருந்து காரியாலயத்துக்கு ரேடியோ வழி 1, மடுவம் சுற்றி ஃபைபர் வழி 1+1=2. எல்லாப் போக்குவரத்தும் மெலிந்த ரேடியோவில் நெரிய, நல்ல ஃபைபர் வெறுமனே கிடக்கும். ரேடியோ இடைமுகத்தின் செலவை இரு முனையிலும் கையால் 50 என்று வையுங்கள். நீங்கள் ரேடியோவை முதன்மை வழியாகவும் ஃபைபரை மாற்றாகவும் நினைத்திருந்தீர்கள், அதைத் தலைகீழாக்கச் சொல்கிறேன்.

ஒரே வலையமைப்புக்கு இரண்டு பேர் வரி கொண்டுவந்தால் எது ஏறும்? அதற்காகவே ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு முன்னுரிமை எண் இருக்கிறது. சிஸ்கோவில் நேரடி இணைப்பு 0, கைவழி 1, வெளி பிஜிபி (இணைய நிறுவனங்களுக்கு இடையிலான வழி நெறிமுறை) 20, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120, உள் பிஜிபி 200. சிறிய எண் வெல்லும். நீங்கள் மாற்றுக் கைவழியின் எண்ணை உயர்த்தி எழுதியது இந்த விதியை வைத்துத்தான். இந்த எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஜூனிப்பரில் கைவழி 5, ஓஎஸ்பிஎஃப் 10. எண் அந்தப் பெட்டிக்குள் மட்டும் செல்லும், அண்டையவருக்கு அனுப்பப்படாது. இதை மறந்துவிட்டு, ஓஎஸ்பிஎஃப் போட்ட பிறகும் பழைய கைவழிகளை அழிக்காமல் வைத்திருப்பவர்கள் பலர். கைவழி 1, ஓஎஸ்பிஎஃப் 110. கைவழி போகாதவரை ஓஎஸ்பிஎஃப் கண்டுபிடித்த நல்ல வழி வெளியிலேயே நிற்கும். மாற்றம் முடிந்த அன்றே பழையவற்றை அழியுங்கள்.

முன்னுரிமைப் போட்டி ஒரே வலையமைப்புக்கு, ஒரே முகமூடி நீளத்துக்கு (/24 போன்ற எண்ணுக்கு) இடையில் மட்டும்தான். நீளம் வேறானால் இரண்டுமே அட்டவணையில் இருக்கும், பொதி வரும்போது மிக நீளமாகப் பொருந்துவது வெல்லும். ஹட்டன் என்று மட்டும் எழுதிய கடிதத்தைத் தபாற்காரர் நகரத்துக் கட்டில் போடுவார், தோட்டமும் பிரிவும் லய எண்ணும் எழுதியிருந்தால் அந்த வாசலுக்கே கொண்டுபோவார் அல்லவா, அப்படித்தான். 10.20.0.0/16, 10.20.30.0/24, 0.0.0.0/0 மூன்றும் இருந்தால் 10.20.30.5க்குப் போகும் பொதி /24ஐத்தான் எடுக்கும், அதைக் கொண்டுவந்தவர் எவ்வளவு தாழ்ந்த முன்னுரிமை உடையவராக இருந்தாலும்.

இந்த விதியிலிருந்து ஒரு பொறி பிறக்கிறது. சோம்பலில் காரியாலயத்தில் 10.20.0.0/16 முழுவதும் தொழிற்சாலைக்கு என்று ஒரு வரியும், தொழிற்சாலையில் மற்றதெல்லாம் காரியாலயத்துக்கு என்று இயல்புநிலை வழியும் எழுதிவிடுவார்கள். கமராக்களின் விலான் 20 விழுந்து 10.20.20.0/24 மறையும் நேரத்தில், கமராவைத் தேடும் பொதி காரியாலயத்திலிருந்து தொழிற்சாலைக்கு வரும், அங்கே இயல்புநிலை வழியில் காரியாலயத்துக்கே திரும்பும், மறுபடி வரும். ஒவ்வொரு தாண்டலுக்கும் பொதியின் டிடிஎல் (எஞ்சிய தாண்டல்களின் எண்ணிக்கை) ஒன்று குறைந்து, சுழியமாகும்வரை சுற்றும். தொழிற்சாலையில் 10.20.0.0/16ஐ எங்கும் அனுப்பாத வெற்று இடைமுகத்துக்கு ஒரு வரி எழுதினால் சுற்று அறும். நுணுக்கமான வரிகள் இருக்கும்வரை அந்த வெற்று வரி குறுக்கே வராது.

இவ்வளவும் செயலியின் நினைவகத்தில் இருக்கும் அட்டவணையைப் பற்றியது. பொதிகளை உண்மையில் தள்ளுவது வேறு பகுதி. வென்ற வரிகளை மட்டும் சுவிட்ச் முன்செலுத்தல் அட்டவணையாகச் சுருக்கி, ஏஆர்பி தரும் மேக் முகவரிகளையும் வெளியேறும் போர்ட்டையும் சேர்த்து, வன்பொருள் சில்லில் எழுதிவிடும். அங்கே டீகேம் என்ற நினைவகம் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிடும். சுவிட்சின் வேகம் அதிலிருந்து வருகிறது, அதன் எல்லையும் அதில்தான் இருக்கிறது, ஏனென்றால் டீகேம் அளவில் சிறியது. 2014 ஓகஸ்ட் 12 அன்று உலக இணையத்தின் வழிகள் 512,000ஐத் தாண்டியபோது, அந்த அளவுக்கே இடம் ஒதுக்கியிருந்த பழைய கருவிகள் பல இடங்களில் தடுமாறின. தோட்டத்துச் சுவிட்சுக்கு அந்தக் கவலை வேண்டாம். இணையத்துக்கு ஓர் இயல்புநிலை வழி போதும். அதைக் காரியாலயச் சுவிட்ச் ஓஎஸ்பிஎஃப்பில் அறிவிக்கட்டும். 'எப்போதும்' என்ற விருப்பத்தைச் சேர்க்காதீர்கள். தன்னிடமே இணைய வழி இல்லாதபோதும் இருப்பதாக அறிவித்துக்கொண்டிருக்கும்.

'ஷோ ஐபி ரூட்' வெளியீட்டில் ஓஎஸ்பிஎஃப் வரிகளுக்கு அருகே ஒரு நேரம் தெரியும், அதைப் பார்க்கப் பழகுங்கள். வாரக்கணக்கில் இருக்க வேண்டிய வரி மூன்று நிமிட வயதோடு இருந்தால், சற்று முன்பு ஏதோ விழுந்து எழுந்திருக்கிறது. நேரடி வரிக்கும் கைவழிக்கும் அந்த நேரம் காட்டப்படாது. கணினிகள் இருக்கும் விலான்களில் ஹலோ அனுப்புவதை நிறுத்திவையுங்கள், சுவிட்சுகளுக்கு இடையில் கடவுச்சொல் வையுங்கள். இல்லாவிட்டால் யாரோ செருகிய கருவி ஒன்று உங்கள் அட்டவணையில் வரி எழுத முடியும்.

மாற்றம் செய்யும் நாளில் முதலில் காரியாலய ரேடியோவின் மின்பெட்டியை யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். பிறகு சோதனைக்காக அதன் செருகியைக் கழற்றி, தொழிற்சாலையின் அட்டவணையைப் பாருங்கள். அடுத்து செருகியை மாட்டிவிட்டு, ரேடியோவின் அமைப்புப் பக்கத்தில் காற்றுவழியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். முதலாவது சில விநாடிகளில் மாற வேண்டும், இரண்டாவது 40 விநாடிக்குள். ரேடியோவுக்கு 50 என்று செலவு வைத்த பிறகு போக்குவரத்து ஃபைபரில்தான் ஓடும், எனவே இந்தச் சோதனைக்கு முன் செலவைத் தற்காலிகமாக 1 ஆக்கிக்கொள்ளுங்கள்.

மடுவத்துச் சுவிட்ச் மலிவானது, ஓஎஸ்பிஎஃப் அறியாதது என்று கேள்வியின் கடைசியில் சொல்லியிருந்தீர்கள். அதற்காகப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. தொழிற்சாலைக்கும் காரியாலயத்துக்கும் பொதுவாக ஒரு தனி விலானை அதன் வழியே இரண்டாம் அடுக்கில் கடத்துங்கள். இரு முனைச் சுவிட்சுகளும் அதன் ஊடாக நேரடி அண்டையவர்களாகிவிடும். மடுவத்தின் சொந்தக் கருவிகளுக்கு வெளியே போகும் நுழைவாயிலாக (கேட்வேயாக) தொழிற்சாலைச் சுவிட்சே இருக்கலாம். அப்போது ஃபைபர் வழியின் செலவும் 1 ஆகிவிடும், ரேடியோவுக்கு 50 வைக்காவிட்டால் போக்குவரத்து இரண்டிலும் பாதி பாதியாகப் பிரியும். மடுவத்துக்கு அப்பால் ஃபைபர் அறுந்தால் தொழிற்சாலையின் போர்ட் விழாது என்பதையும் மறக்காதீர்கள், அங்கே ஹலோதான் சொல்ல வேண்டும். ஃபைபர் முனைகளில் மீடியா கன்வர்ட்டர் பெட்டிகள் (ஃபைபரின் ஒளியைச் செப்புக் கேபிளுக்கு மாற்றுபவை) இருந்தால் அவற்றையும் கவனியுங்கள். ஒளி நின்றாலும் செப்புப் பக்கத்தை எழுப்பியே வைத்திருக்கும் வகைகள் உண்டு. இணைப்பின் சாவை மறுபக்கத்துக்குக் கடத்தும் சிறு ஆளி பல பெட்டிகளின் பக்கவாட்டில் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். அல்லது ஃபைபரைச் சுவிட்சின் எஸ்எஃப்பி (ஃபைபர் பொருத்தும்) வாயிலிலேயே நேராகச் செருகிவிடுங்கள்.